எதிரெதிர்க் கட்சிகள் கையில் இரு சபைகளும் இருந்தால், அமெரிக்காவில் ஒரு வரி மசோதா எப்படி நிறைவேறுகிறது?

பிரதிநிதிகள் சபை ஒரு கட்சியிடம், செனட் எதிர்க்கட்சியிடம். வரி, செலவு இரண்டிலும் இரு தரப்பும் நேரெதிராக நிற்கின்றன. அப்படி இருந்தும் சில மசோதாக்கள் எப்படியோ சட்டமாகிவிடுகின்றன, சில பெரும் ஆதரவோடு கிளம்பியும் பாதியில் காணாமல் போகின்றன. இது எப்படி என்பதுதான் கேள்வி.

குழுவில் ஆய்வு, அவையில் விவாதம், வாக்கெடுப்பு, அடுத்த சபை, அதிபரின் கையெழுத்து என்று பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அதைப் பார்த்தால் மசோதா தன் காலால் தானே நடந்து போவதுபோலத் தோன்றும். சபைகள் பிரிந்து கிடக்கும் காலத்தில் அதைப் பின்னாலிருந்து தள்ளுவது ஒரு தேதி. இந்த நாளுக்குள் முடிக்காவிட்டால் இரண்டு கட்சிக்கும் அடி விழும் என்ற நிலை வந்தால்தான் உண்மையான பேச்சு தொடங்கும். தேதி இல்லாத மசோதா, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

பிரதமர் ஆட்சிமுறை உள்ள நாடுகளில் பட்ஜெட் தோற்றால் அரசே கவிழும். அந்தப் பயம் ஒன்றே போதும், ஆளும் தரப்பு எப்படியாவது வாக்குகளைத் திரட்டிவிடும். அமெரிக்காவில் பட்ஜெட் தோற்றால் யாருடைய பதவியும் உடனே போகாது. அதிபர் நான்கு ஆண்டு, பிரதிநிதி இரண்டு ஆண்டு, செனட்டர் ஆறு ஆண்டு என்று எல்லோருக்கும் காலம் எழுதிவைத்திருக்கிறது. முட்டுக்கட்டை போடுகிறவருக்குப் பெரிய நஷ்டமில்லை என்பதால், நஷ்டத்தை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்வோம். வரியும் செலவும் ஒரே மசோதாவில் சேர்ந்து வருவதுண்டு, ஆனாலும் இரண்டின் சுபாவம் வேறு. அரசுத் துறைகளை நடத்தும் பணம் ஆண்டுக்கு ஆண்டு 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் வழியாக வரவேண்டும். நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கும். அன்றைக்குள் பணம் ஒதுக்கப்படவில்லை என்றால் அலுவலகம் மூடும். ஒதுக்கீட்டு மசோதாக்கள் எல்லாமே உரிய நேரத்தில் நிறைவேறியது கடைசியாக 1996இல். அதற்கப்புறம் ‘இப்போதைக்குப் பழைய அளவிலேயே ஓட்டுங்கள்’ என்கிற தற்காலிக நீட்டிப்புகளில்தான் காலம் போகிறது. முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் போன்ற பெரிய செலவுகள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வராது. தகுதி இருந்தால் பணம் தானாகப் போய்க்கொண்டிருக்கும். வரிச்சட்டமும் அப்படித்தான், மாற்றும்வரை நிற்கும். ஆக, செலவு மசோதா பிறக்கும்போதே தேதியோடு பிறக்கிறது. வரி மசோதாவுக்கு யாராவது ஒருவர் தேதி குறிக்கவேண்டும்.

யார் குறிப்பார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் முந்தைய சட்டத்தை எழுதியவர்களே. 2001இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கொண்டுவந்த வரிக்குறைப்பு ‘ரீகன்சிலியேஷன்’ என்ற சிறப்பு வழியில் போனது. அந்த வழியில் 100 பேர் கொண்ட செனட்டில் சாதாரணப் பெரும்பான்மை போதும், மற்ற மசோதாக்களுக்குத் தேவைப்படும் 60 வாக்கு வேண்டாம். ஆனால் அதற்கொரு விலை உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட் 1980களில் கொண்டுவந்த விதியின்படி, பட்ஜெட் தீர்மானம் (இரு சபைகளும் போட்டுக்கொள்ளும் வரவு-செலவுத் திட்டம்) குறிக்கும் காலத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டும் எதையும் அந்த வழியில் நுழைக்க முடியாது. அதனால் புஷ்ஷின் வரிக்குறைப்பு 2010 முடிவில் தானாகக் காலாவதியாகும் என்று எழுதவேண்டி வந்தது. 2010 டிசம்பரில் ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா குடியரசுக் கட்சியோடு ஒரு சமரசம் செய்து அதை இரண்டு ஆண்டு நீட்டித்தார். காலக்கெடு 2012 டிசம்பர் 31க்கு நகர்ந்தது.

அந்த நாளில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பிரிந்த சபைகளின் எல்லா வித்தைகளும் அந்த ஒரு கதையில் இருக்கின்றன.

2012இல் பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியிடம், சபாநாயகர் ஜான் பேனர். செனட் ஜனநாயகக் கட்சியிடம், அங்கே பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட். வரிச்சலுகைகள் முடியும் அதே நேரத்தில், 2011இல் கடன் உச்சவரம்புச் சண்டையின்போது (அரசு மொத்தம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற வரம்பு அது) எழுதிய தானியங்கிச் செலவுவெட்டும் 2013 ஜனவரி தொடக்கத்தில் அமலுக்கு வரவேண்டும். அந்த வெட்டையே ஒரு மிரட்டலாகத்தான் எழுதியிருந்தார்கள். இரு கட்சியைச் சேர்ந்த 12 பேர் குழு ஒன்று பற்றாக்குறையைக் குறைக்கும் திட்டத்தைத் தரவேண்டும், தராவிட்டால் கத்தி விழும் என்று. குழு தோற்றது, கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. வரி உயர்வும் செலவுவெட்டும் ஒரேயடியாக வந்தால் 2013இல் பொருளாதாரம் சுருங்கும் என்று காங்கிரஸின், அதாவது இரு சபைகளும் சேர்ந்த நாடாளுமன்றத்தின், பட்ஜெட் அலுவலகம் எச்சரித்தது. ‘ஃபிஸ்கல் கிளிஃப்’, நிதிப் பள்ளத்தாக்கின் விளிம்பு என்று பத்திரிகைகள் எழுதின.

அந்தக் கோடையிலேயே இரண்டு சபைகளும் ஆளுக்கொரு மசோதாவை நிறைவேற்றிவிட்டன. ஜூலை 25 அன்று செனட் 51-48 என்று ஒன்றை நிறைவேற்றியது: தம்பதியரின் வருமானம் 2,50,000 டாலருக்குள் இருந்தால் பழைய குறைந்த வரி, அதற்கு மேல் உயர்வு. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, பிரதிநிதிகள் சபை 256-171 என்று இன்னொன்றை நிறைவேற்றியது: எல்லோருக்கும் பழைய வரியே. சரி, இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டுக்குழு நடுவழி கண்டுபிடிக்கலாமே? பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். நடக்கவில்லை, ஏனென்றால் இரண்டுமே சட்டமாவதற்காக எழுதப்பட்டவை அல்ல. நவம்பர் தேர்தலில் ‘நாங்கள் நிறைவேற்றினோம், அவர்கள்தான் மறுத்தார்கள்’ என்று காட்டுவதற்கானவை. செய்தியில் ‘சபை நிறைவேற்றியது’ என்று வந்தால் அது பயணத்தின் தொடக்கமா அல்லது தேர்தல் பிரசுரமா என்று பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது.

செனட்டின் மசோதாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அரசமைப்பின் முதல் பிரிவு, 7ஆவது உட்பிரிவின்படி வருவாய் திரட்டும் மசோதா பிரதிநிதிகள் சபையில்தான் பிறக்கவேண்டும். செனட்டில் பிறந்த வரி மசோதாவை அந்தச் சபை ‘இது எங்கள் உரிமை’ என்று நீல நிறத் தாளில் அச்சிட்ட தீர்மானத்தோடு திருப்பி அனுப்பிவிடும். நீலச் சீட்டு என்றே அதற்குப் பெயர். அப்படியானால் செனட் வரியைத் தொடவே முடியாதா? முடியும். பிரதிநிதிகள் சபை ஏற்கெனவே அனுப்பிய ஏதாவது ஒரு வரி மசோதாவை எடுத்து, உள்ளே இருப்பதை முழுக்க வழித்துப் போட்டுவிட்டு, தன்னுடையதை நிரப்பி, ‘திருத்தம்’ என்று பெயர் சொல்லித் திருப்பி அனுப்பலாம். எண் அதேதான், கூடு அதேதான், உயிர் வேறு. கூடுவிட்டுக் கூடு பாய்கிற இந்த வேலை அங்கே வெகு சாதாரணம். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமே படைவீரர்களின் வீட்டுக்கடன் வரிச்சலுகை பற்றிய ஒரு மசோதாவின் கூட்டில் பயணம் செய்ததுதான்.

தேர்தல் முடிந்தது, ஒபாமா மறுபடி வென்றார், சபைகள் அப்படியே பிரிந்து நின்றன. பேனரும் ஒபாமாவும் நேரடியாகப் பேரம் பேசினார்கள். பத்து ஆண்டில் 1.6 லட்சம் கோடி டாலர் கூடுதல் வருவாய் என்று ஒபாமா ஆரம்பிக்க, 80,000 கோடி என்று பேனர் நின்றார். முடியாதபோது பேனர் ‘பிளான் பி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு மட்டும் வரி உயரட்டும், மற்றவர்களுக்குப் பழையதே. டிசம்பர் 20 இரவு வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகும் நேரத்தில் சொந்தக் கட்சியிலேயே ஆள் சேரவில்லை. மசோதாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியிலிருந்து பார்த்தால் இது பேனருக்கு அவமானம். எனக்கு இதுதான் கதையின் திருப்பம் என்று தோன்றுகிறது. சபாநாயகரால் தன் ஆட்களின் வாக்கைக் கொண்டுவர முடியாது என்பது அன்றைக்கு எண்ணிக்கையோடு நிரூபணமானது. எதிரே உட்கார்ந்து பேசுபவரால் தான் ஒப்புக்கொண்டதை நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தபின் அவரோடு பேரம் பேசி என்ன பயன்? பேச்சு செனட்டுக்கு மாறியது. அங்கே சிறுபான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல், ரீடோடு நகராத பேச்சைத் துணை அதிபர் ஜோ பைடனோடு தொடர்ந்தார். இருவரும் செனட்டில் பல ஆண்டு ஒன்றாக இருந்தவர்கள். டிசம்பர் 31 இரவு உடன்பாடு வந்தது. தனிநபர் 4,00,000 டாலர், தம்பதியர் 4,50,000 டாலர், அதற்கு மேல் போனால் உச்ச வரி 39.6 சதவீதம். மற்ற எல்லோருக்கும் பழைய குறைந்த வரி நிரந்தரம். தானியங்கி வெட்டு இரண்டு மாதம் தள்ளிவைப்பு. கோடையில் 2,50,000க்கும் ‘யாருக்கும் இல்லை’க்கும் இடையே இருந்த சண்டை கடைசியில் ஓர் எண்ணில் வந்து முடிந்தது.

2013 ஜனவரி 1 அதிகாலை இரண்டு மணி அளவில் செனட் 89-8 என்று நிறைவேற்றியது. எந்த மசோதாவாக? ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றி அனுப்பிய அதே எச்.ஆர். 8. ‘யாருக்கும் வரி உயரக்கூடாது’ என்று குடியரசுக் கட்சி பெருமையோடு அனுப்பிய கூட்டுக்குள், பணக்காரர்களுக்கு வரி உயரும் சட்டம்.

அந்த நள்ளிரவைக் கவனியுங்கள். டிசம்பர் 31 முடிந்த கணமே பழைய வரிக்குறைப்பு காலாவதி, சட்டப்படி எல்லோருக்கும் வரி உயர்ந்துவிட்டது. ஜனவரி 1 அன்று ‘ஆம்’ என்று வாக்களித்தவர் ஏற்கெனவே உயர்ந்த வரியைப் பெரும்பாலானோருக்குக் குறைக்கிறார். அதே தாளுக்கு முந்தைய நாள் வாக்களித்திருந்தால் வரியை உயர்த்தியவர் ஆகியிருப்பார். வரியை உயர்த்த மாட்டோம் என்று எழுத்தில் உறுதிமொழி கொடுத்திருந்த உறுப்பினர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்ப்பிரச்சினை. அந்த உறுதிமொழியை வாங்கி வைத்திருந்த குரோவர் நார்குவிஸ்ட்டின் அமைப்பே, இந்த வாக்கு உறுதிமொழியை மீறுவதாகாது என்று சொல்லிவிட்டது. காலக்கெடுவைத் தாண்டிச் சில மணிநேரம் போனதைப் பலர் பொறுப்பின்மை என்றார்கள். அந்தச் சில மணிநேரம்தான் வாக்குகளைக் கொண்டுவந்தது என்று நான் நினைக்கிறேன்.

பிரதிநிதிகள் சபையில் அன்று பகல் முழுக்கக் கொந்தளிப்பு. செலவுக்குறைப்பைச் சேர்த்துத் திருப்பி அனுப்பலாமா என்று குடியரசுக் கட்சிக் கூட்டத்தில் பேசிப் பார்த்தார்கள். அப்படித் திருத்தினால் செனட் எடுத்துக்கொள்ளாது, அதோடு ஜனவரி 3 நண்பகல் புதிய காங்கிரஸ் பதவியேற்றால் பழைய மசோதாக்கள் எல்லாம் செத்துப்போகும். இரவு பதினோரு மணியளவில் வாக்கெடுப்பு, 257-167. ஆதரவில் ஜனநாயகக் கட்சியினர் 172, குடியரசுக் கட்சியினர் 85. சபையை ஆளும் கட்சியில் 151 பேர் எதிர்த்தார்கள், இரண்டாம் நிலைத் தலைவரான எரிக் கேன்டர் உட்பட. வழக்கமாக வாக்களிக்காத சபாநாயகர் பேனர் ‘ஆம்’ என்று போட்டார்.

சொந்தக் கட்சியில் பெரும்பான்மை ஆதரிக்காத மசோதாவை அவைக்கே கொண்டுவரக்கூடாது என்பது குடியரசுக் கட்சி சபாநாயகர்கள் கடைப்பிடிக்கும் எழுதாத விதி. முன்னாள் சபாநாயகர் டென்னிஸ் ஹேஸ்டர்ட்டின் பெயரால் அதைச் சொல்வார்கள். பிரிந்த சபைகளில் ஒரு வரி மசோதா கரைசேர்வது என்பது, நடைமுறையில், ஒரு சபாநாயகர் இந்த விதியை உடைக்கத் துணிவதுதான். 435 பேர் சபையில் பெரும்பான்மைக்கான 218 வாக்கு எங்கிருந்தோ வரவேண்டும். கட்சிக்குள் இல்லாவிட்டால் எதிர்வரிசையிலிருந்து வரும், ஆனால் அந்தக் கதவைத் திறப்பது அவர் கையில்தான் இருக்கிறது. (218 பேர் கையெழுத்திட்டு சபாநாயகரை மீறி மசோதாவை அவைக்கு இழுத்து வரவும் ஒரு வழி உண்டு. சொந்தத் தலைமைக்கு எதிராகக் கையெழுத்திட ஆள் கிடைப்பது அரிது.)

இதன் விலையை, பின்னாளில் சபாநாயகரான குடியரசுக் கட்சியின் கெவின் மெக்கார்த்தி கொடுத்தார். 2023இல் சபை அவரிடம், செனட் ஜனநாயகக் கட்சியிடம். ஜூன் 5க்குள் கடன் உச்சவரம்பை உயர்த்தாவிட்டால் அரசால் பாக்கிகளைக் கட்ட முடியாது என்று நிதியமைச்சகம் சொன்னது. மெக்கார்த்தி, அப்போது அதிபராகியிருந்த பைடனோடு செய்த உடன்பாடு மே 31 அன்று 314-117 என்று நிறைவேறியது. அதிலும் எதிர்க்கட்சி வாக்குகள் 165, சொந்தக் கட்சி 149. செப்டம்பர் 30 அன்று அரசு முடங்காமல் இருக்க ஒரு தற்காலிக நீட்டிப்பை மறுபடி எதிர்க்கட்சி ஆதரவோடு நிறைவேற்றினார். மூன்றே நாளில், அக்டோபர் 3 அன்று, சொந்தக் கட்சியின் 8 பேர் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து 216-210 என்று அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த 2013 ஜனவரிச் சட்டம் பற்றாக்குறையைக் கூட்டியதா குறைத்ததா என்று கேட்டால் இரண்டு பதிலும் சரி. வரிக்குறைப்பு காலாவதியான சட்டநிலையோடு ஒப்பிட்டால் பத்து ஆண்டில் ஏறக்குறைய 4 லட்சம் கோடி டாலர் கூடுதல் பற்றாக்குறை. நேற்றுவரை மக்கள் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் 60,000 கோடிக்கு மேல் கூடுதல் வருவாய். எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறார்கள் என்பதே பாதி அரசியல். 2025இல் குடியரசுக் கட்சி தன் பெரிய வரி மசோதாவைக் கொண்டுவந்தபோது, காலாவதியாகவிருந்த 2017 வரிக்குறைப்பை நீட்டிப்பது செலவே இல்லை என்கிற கோட்டை செனட் எடுத்துக்கொண்டது. வழக்கமான கோட்டில் அளந்த பட்ஜெட் அலுவலகம் பத்து ஆண்டில் 3.4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை என்றது.

அந்த 2025 மசோதா ரீகன்சிலியேஷனில் போனது. செனட்டில் 51-50, சமநிலையை உடைத்தது துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கு. பிரதிநிதிகள் சபையில் 218-214. பிரிந்த சபைகளுக்கு ஏன் இந்தக் குறுக்குவழி உதவாது? இதைத் திறக்கும் சாவி பட்ஜெட் தீர்மானம், அதை இரண்டு சபைகளும் ஒரே வாசகத்தில் நிறைவேற்றவேண்டும். அந்த அளவு ஒத்துப்போக முடிந்தால் அவர்கள் பிரிந்தே இல்லை. அதிபர் ஒரு கட்சி, இரு சபைகளும் இன்னொரு கட்சி என்றால் கதை வேறு. 1997இல் கிளின்டனும் குடியரசுக் கட்சிக் காங்கிரஸும் இந்த வழியிலேயே சமரசச் சட்டங்களை முடித்தார்கள்.

ரீகன்சிலியேஷனுக்கு வெளியே போனால், ஒரே கட்சி எல்லாவற்றையும் வைத்திருந்தாலும் செனட்டில் அந்த 60 காத்திருக்கும். 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு முடங்கியது. வெள்ளை மாளிகையும் இரு சபைகளும் குடியரசுக் கட்சியிடம்தான் இருந்தன.

கடைசியாக, தேதி இல்லாமல் போன மசோதா. 2024 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையின் வரிக்குழுத் தலைவர் ஜேசன் ஸ்மித், குடியரசுக் கட்சி. செனட் நிதிக்குழுத் தலைவர் ரான் வைடன், ஜனநாயகக் கட்சி. இருவரும் சேர்ந்து 7,800 கோடி டாலர் அளவில் ஒரு வரி மசோதா எழுதினார்கள். ஏழைக் குடும்பங்களுக்குக் குழந்தை வரிச்சலுகை கூடும், நிறுவனங்கள் ஆராய்ச்சிச் செலவை அதே ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். ஆளுக்கொன்று, நல்ல பேரம். பணத்துக்கும் வழி சொல்லியிருந்தார்கள், கோவிட் காலத்து ஊழியர் சலுகை ஒன்றைச் சீக்கிரமே மூடுவது. குழுவில் 40-3, ஜனவரி 31 அன்று சபையில் 357-70. இந்தக் காலத்தில் அத்தி பூத்ததுபோல அரிதான எண்கள்.

ஆனால் நிறைவேறாவிட்டால் யாருக்கும் அன்றைக்கு ஒன்றும் ஆகிவிடாது. அலுவலகம் மூடாது, கடன் தவறாது. நவம்பரில் செனட்டைப் பிடித்தால் இதைவிட நல்லதாகவே எழுதிக்கொள்ளலாம் என்று குடியரசுக் கட்சி செனட்டர்கள் காத்திருந்தார்கள். ஆறு மாதம் கிடந்தபின் ஆகஸ்ட் 1 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. 60 வேண்டிய இடத்தில் 48-44. காத்திருந்தவர்கள் தேர்தலில் வென்றார்கள். 2025 சட்டத்தில் உள்நாட்டு ஆராய்ச்சிச் செலவை உடனே கழிக்கும் சலுகை நிரந்தரமாகவே வந்தது. குழந்தை வரிச்சலுகையின் உச்சமும் 2,000 டாலரிலிருந்து 2,200 ஆனது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகச் சலுகை கணக்கிடும் வைடனின் பகுதி மட்டும் அதில் இல்லை.